ஐந்தாவது எடை

சோதனைக்கூடத்தில் ஒரு வில்லை களிமண்மேல் அரைக்கிலோ எடை வைத்த அன்று, மூன்று தெரு தள்ளியிருந்த தையற்காரர் வீடு ஒரு படி உயரத்துக்குத் தரைக்குள் இறங்கியது. சுவரில் கீறல் இல்லை, அடுப்பிலிருந்த பால்கூடச் சிந்தவில்லை. எடை வைத்தது அவர் மனைவிதான். இருபது வருடமாக மண்ணை நசுக்கிப் பார்ப்பதே உத்தியோகம் என்பதால் தெருவுக்கு அவள் மண்ணக்கா. அவள் வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனையில் நாலு மாடி எழுப்பினால் நிலம் எவ்வளவு அமிழும் என்று அவள் சொல்லவேண்டும். மனைக்குள் துளைபோடும் இயந்திரம் நுழையவில்லை. பத்தடி தள்ளித்தானே, எல்லாம் ஒரே மண் என்று, வந்த ஆட்கள் அவள் வீட்டுக் கொல்லையிலேயே குழாயை இறக்கி மண்ணெடுத்துப் போய்விட்டார்கள். வில்லையாக வெட்டியது அந்த மண்ணைத்தான். திட்டலாம்தான், ஆனால் அந்தத் தொழிலில் யார் செய்யாதது?

தினம் எடையை இரட்டிப்பாக்குவது முறை. இரண்டாவது எடைக்கு வீடு மேலும் இரண்டு படி போனது, மூன்றாவதற்கு நாலு, நாலாவதற்கு ஐந்து. கீழ்த்தளம் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள். மண்ணக்கா எடையை எடுத்துப் பார்த்தாள், வீடு ஒரு விரற்கடை எழும்பியதோடு சரி. அழுந்திய களிமண் அவ்வளவுதான் திரும்பும் என்பது அவளுக்குத் தெரியாததா?

இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து தையற்காரர் ஏழு வருடமாக மாடியிலேயே இருந்தார். சமதரையில் கோலூன்றி நடப்பார், வெளிப்பக்கப் படிக்கட்டு மட்டும் முடியாது. நாற்காலியோடு தூக்குகிறோம் என்று வந்தவர்களை, "தூக்கிட்டுப் போக நான் என்ன பொணமா?" என்று விரட்டிவிட்டார். பாவம், துணி வெட்டும் கை அடிக்கடி நிற்கும், கண் தெருவையே பார்க்கும்.

"நம்ம வீட்டை நானே முழுக வச்சிட்டேங்க," என்று அவள் அழுதாள்.

"படி இன்னும் எத்தனை இருக்கு?"

"ஆறு."

"உங்க ஆபீஸ்ல எட்டுக் கிலோ எடை இருக்கா?"

மறுநாள் காலை வைத்தாள். சாயங்காலம் திரும்பியபோது மாடி வாசல் ரோட்டோடு ரோடாக இருந்தது, உள்ளே ஆளில்லை. பதறி ஓடினாள். முனை டீக்கடையில், கோலை மடியில் வைத்துக்கொண்டு, நாவிதரோடு ஏதோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். "வந்துட்டியா? உனக்கும் ஒரு டீ சொல்லவா?" என்றார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினாள்.

மண் தாங்காது என்று அறிக்கை போனது, நாலு மாடியும் வரவில்லை. அந்த ஐந்தாவது எடையை மட்டும் யாரும் எடுக்கவில்லை. சோதனை நடந்துகொண்டிருக்கிறது என்று பதிவேட்டில் பதினோரு வருடமாக எழுதி வருகிறார்கள். மேசையைத் துடைப்பவர்கள் அதன்மேல் கைபடாமல் துடைப்பார்கள்.