ஏணைக்கு மேலே பழைய பந்துகள்

றஸாக் சேர் தீக்குச்சியைக் கிழித்தபோது நதீரா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கல்முனையில் விளையாட்டு ஆசிரியர்களுக்கு அவர் நடத்திய பயிற்சி அது. மேசைப்பந்துக்குப் பிளாஸ்டிக் பந்து வந்துவிட்டது, இனிப் போட்டிகளில் செலுலாயிட் பந்து கிடையாது என்று சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? ஆனால் பயிற்சி என்று பெயர் வைத்துவிட்டால் பின்னேரம் முழுவதையும் தின்றுவிட்டுத்தான் எழும்ப விடுவார்கள். புதுப் பந்து சுழலவில்லை, ஓட்டைச் சட்டி மாதிரிச் சத்தம் போடுகிறது என்று ஆளுக்கொரு குறை சொன்னார்கள்.

"பொறகு என்னத்துக்கு சேர் மாத்தின?" என்று ஒருவர் கேட்டார்.

"காட்டுறன்" என்று சேர் ஒரு பழைய பந்தை இடுக்கியால் பிடித்துத் தீயை வைத்தார்.

புஸ் என்று ஒரு சத்தம். முழங்கை உயரத்துக்கு ஒரு சுவாலை. அடுத்த கணம் இடுக்கியில் சாம்பல்கூட இல்லை.

"ஒரு பொறி பட்டாப் போதும்" என்றார் சேர். "பிளேன்ல ஏத்துறத்துக்கும் பயம்."

மற்றவர்கள் கை தட்டினார்கள். நதீரா கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினாள்.

சாய்ந்தமருதில் அவளுக்கு மூத்தவளான சுபைறா ராத்தாவின் வீட்டில், கைக்குழந்தை பஹ்மி தூங்கும் சேலை ஏணைக்கு மேல், அதே பந்துகள் குலையாகத் தொங்குகின்றன. கட்டிவிட்டவளே இவள்தான். வெடிப்பு விழுந்த பழைய பந்துகளைக் குப்பையில் போடச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். ஒரு சோற்றுப் பருக்கையை எறிந்தாலும் ஏச்சு வாங்கும் வீட்டில் வளர்ந்தவளுக்கு மனம் வருமா? வெடிப்பு வழியே பாசிப்பயறு போட்டு, பிளாஸ்டர் ஒட்டி, நூலில் கோத்தாள். ஏணைச் சேலை ஆடும்போதெல்லாம் பந்துகள் கலகலத்தன; பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தது. "உன்ட விளையாட்டால இண்டைக்குத்தான் ஒரு பிரயோசனம்" என்று ராத்தா நக்கலடித்தாள்.

அது போன ஞாயிற்றுக்கிழமை. இன்று வியாழன். பொழுது பட்டால் ஊர்க் கணக்கில் வெள்ளி இரவு. சாம்பிராணி புகையாமல் அந்த ஊரில் வெள்ளி இரவு வந்ததில்லை. சிரட்டைத் தணலில் சாம்பிராணியைத் தூவி, சட்டியை அறை அறையாகக் கொண்டுபோவார்கள். பிள்ளை இருக்கும் வீடென்றால் ஏணையைச் சுற்றியும் காட்டுவார்கள். கண்ணூறு போகும், சளி பிடிக்காது. தணல் வெடித்துப் பொறி பறக்கும். அதையெல்லாம் யாரும் பொருட்படுத்துவதில்லை.

போனை எடுத்தாள். ராத்தாவின் இலக்கம் வேறோர் அழைப்பில் இருந்தது. திரும்ப அடித்தாள். அதே பதில். ராத்தாவின் கணவர், கத்தாரில் இருக்கும் மச்சான், வியாழக்கிழமை வேலை முடிந்த கையோடு வீடியோ கோல் எடுப்பார். எடுத்தால் லேசில் வைக்கமாட்டார். அன்பான மனிதர். அந்த அன்பின் மீது நதீராவுக்கு அன்றுதான் ஆத்திரம் வந்தது. வீட்டில் வேறு ஆளும் இல்லை.

வாசலில் நின்ற ஓட்டோவில் ஏறினாள். ஓட்டுநர் நூஹு அவளுடைய ஊர்க்காரர். சந்தையடி நெரிசலைத் தாண்டி வருவதற்குள் பொழுது பட்டு மஃரிப் பாங்கு கேட்டது. அவர் வண்டியைப் பள்ளிப் பக்கம் திருப்பினார்.

"தொழுதிட்டுப் போவம் டீச்சர். இந்தா வந்திருவன்."

"காக்கா, வீட்ட நெருப்பு."

நெருப்பென்றால் வாய் வெந்துவிடாது என்பார்கள். நதீராவுக்கு வெந்தது. தன் வாயாலேயே சொல்லிவிட்டாளே, பலித்துவிட்டால்? யா அல்லாஹ், நான் சொன்னது பொய், பொய்யாகவே இருக்கட்டும் என்று வழியெல்லாம் முணுமுணுத்தாள். நூஹு வண்டியைத் திருப்பி விரட்டினார்.

ஓட்டோ தெருவுக்குள் நுழைந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் புகை. எல்லா வீட்டு வாசல்களாலும் யன்னல்களாலும் புகை வந்துகொண்டிருந்தது. இதில் எது சாம்பிராணி, எது வீடு எரிகிற புகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

செருப்பைக் கழற்றாமல் உள்ளே ஓடினாள். அறை வாசலில் கால் நின்றது.

ராத்தா ஒரு கையில் போனையும் மறுகையில் தணல் சட்டியையும் பிடித்து ஏணையைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். போனுக்குள் மச்சான் சிரித்தார். பந்துக் குலை சட்டிக்கு மேல் ஆடியது. கத்தினால் ராத்தா திடுக்கிடுவாள்; சட்டி பிள்ளையின் மேல்தான் விழும். நதீரா குரலைத் தாழ்த்தினாள்.

"ராத்தா, சட்டியக் கீழ வை."

"என்னடி, வந்ததும் வராததுமா..."

"வை ராத்தா. மெல்ல வை."

தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு ராத்தா சட்டியை நிலத்தில் வைத்தாள். நதீரா பிள்ளையைத் தூக்கி அவள் தோளில் போட்டு வாசலுக்குத் தள்ளினாள். திரும்பி வந்து நூலை இழுத்தாள். இழுத்த வேகத்தில் நூல் அறுந்து ஒரு பந்து சட்டிக்குள் விழுந்தது.

சுவாலை ஏணைச் சேலையைப் பிடித்து மேலே ஏறியது. மூலையில் இருந்த குடத்துத் தண்ணீரை அப்படியே ஊற்றினாள். தீ அணைந்தபோது பிள்ளையின் தலை இருந்த இடத்தில் சேலை இல்லை.

ராத்தா வாசலில் நின்று அதைப் பார்த்தாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் நதீரா தாங்கியிருப்பாள்.

"இந்தப் பந்து வேற ஆருக்கும் குடுத்தியா?"

அந்தக் கேள்வி வரும்வரை நதீராவுக்கு ஊரில் ஒரே ஒரு ஏணைதான் இருந்தது. திங்கட்கிழமை வகுப்பில் இதைச் செய்யக் காட்டியவள் அவள். வீட்டில் சின்னத் தம்பி தங்கச்சி உள்ளவர்கள் யார் என்று கேட்டுக் கேட்டு, பெட்டி காலியாகும் வரை கொடுத்தவளும் அவள்தான்.

"எங்கட தெருவிலயுமா?"

"ஓம்."

பள்ளியில் தொழுகை தொடங்கியிருந்தது. ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொல்லவும் வழியில்லை. ராத்தா பிள்ளையைத் துணியால் நெஞ்சோடு கட்டி, தலையில் முந்தானையை இழுத்துவிட்டு வெளியே இறங்கினாள்.

"கடற்கரைப் பக்கம் நான் பாக்கிறன். நீ அந்தப் பக்கம் ஓடு."

நதீரா ஓடினாள். இரண்டு வீடு தள்ளிக் கதவைத் தட்டினாள். அவளிடம் படிக்கும் அம்ஹா கதவைத் திறந்தாள். கையில் சட்டி. உள்ளே எங்கேயோ ஏணை ஆட, பாசிப்பயறு கலகலத்தது.

"வாங்க டீச்சர், இரிங்க" என்று அம்ஹா மலர்ந்து சொன்னாள். "தம்பிக்குப் புகை காட்டிட்டு வாறன்."

அம்ஹா திரும்புவதற்குள் நதீரா படியேறினாள். இரண்டு கைகளையும் நீட்டி, தணலோடு அந்தச் சட்டியைப் பிடித்தாள்.