பதினாறுக்குக் கீழே

கிசிலோர்தா நகரில் எங்கள் திரையரங்கு கடைவளாகத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறது. நான் கதவில் டிக்கெட் கிழிப்பவன். அந்த பிப்ரவரியில் ஒரு பேய்ப்படம் ஓடியது. பதினாறு வயதுக்குக் கீழே என்றால் அம்மாவோ அப்பாவோ கூட வரவேண்டும். முந்தைய வாரம் ஒரு பெற்றோர் குழு, படம் விட்டு வந்த சின்னப் பிள்ளைகளைப் படம்பிடித்து இணையத்தில் போட்டுவிட்டது. எனக்கு முன்னால் அந்தக் கதவில் நின்றவனுக்கு அன்றைக்கே வேலை போனது.

"சித்தி, அத்தை, மாமா, யாரும் செல்லாது. பிறப்புச் சான்றிதழ் பார்த்துட்டு விடு" என்று மேலாளர் ரௌஷான் சொல்லியிருந்தாள்.

நான்கு மணிக் காட்சிக்கு ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும் வந்தார்கள். பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். சிறுமிக்குப் பன்னிரண்டு. அதே நெற்றி, அதே மூக்கு. சான்றிதழ் கேட்டேன்.

"பாத்தாலே தெரியலையா தம்பி?"

"தெரியுதுக்கா. எனக்குத் தெரிஞ்சா போதாது."

ஃபோனில் இருந்த படத்தைத் தயங்கித் தயங்கி நீட்டினாள். சிறுமியின் பெயர் இன்கார். அம்மா என்ற இடத்தில் கனிபா என்றிருந்தது. இவளுடைய அடையாள அட்டையில் அக்போபே.

"பேரு வேறயா இருக்கே?"

"அது எங்க மாமியார்" என்றாள் குரலை இறக்கி.

புரிந்துவிட்டது. எங்கள் மக்களின் வழக்கப்படி முதல் பிள்ளை புருஷனின் பெற்றோருக்கு. அவர்கள் தங்கள் பிள்ளையாகவே வளர்ப்பார்கள். அது பாட்டியை அம்மா என்றும், பெற்றவனை அண்ணன் என்றும், பெற்றவளை அண்ணி என்றும் கூப்பிடும். ஊருக்கே தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

"அக்தாவ்லேருந்து வந்திருக்கேன் தம்பி. ஏழு மணிக்கு ரயில். வருஷத்துக்கு ஒரு தடவதான் இவள பாக்குறேன். இவ எங்கிட்ட எதுவுமே கேட்டதில்ல. இந்தப் படம் ஒண்ணுதான் கேட்டா."

பின்னால் கல்லூரிப் பையன்கள் நெருக்கினார்கள்.

"என்னண்ணே, எல்லைச் சாவடியா? பாஸ்போர்ட் எடுத்துட்டு வரணுமா?"

"பேயே உள்ள போய் உக்காந்திருக்கும், நாம இன்னும் வெளிய நிக்குறோம்."

சிரித்தார்கள். பாப்கார்ன் மேடையிலிருந்து ரௌஷான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, வேண்டாம். போலாம்" என்று இன்கார் அவள் கையை இழுத்தாள்.

"அண்ணியாம்!" என்றான் ஒருவன். "மாட்டிக்கிட்டீங்க அக்கா."

அக்போபே திரும்பினாள். "நான் பெத்தவடா. பத்தொன்பது வயசுல பெத்தேன். நாப்பது நாள்ல தூக்கிக் குடுத்தேன். இப்ப என்னாங்குற?"

சிறுமி தன் பூட்ஸில் ஒட்டியிருந்த சேற்றுப்பனியையே பார்த்தாள்.

நான் அப்போதே கண்ணை மூடிக்கொண்டு உள்ளே விட்டிருக்கலாம். ரௌஷான் பார்க்கிறாளே என்று, அவள் காதிலும் விழட்டும் என்று, குனிந்து சிறுமியிடமே கேட்டேன். உதவி செய்வதாகத்தான் நினைப்பு. 'அம்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விட்டுவிடலாம்.

"நீ சொல்லு பாப்பா. இவங்க உனக்கு யாரு?"

என் சொந்த அண்ணனே அப்படி வளர்ந்தவன்தான். இந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் ஒருவரும் அவனிடம் கேட்டதில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

அக்போபே இன்காரின் வாயையே பார்த்தாள்.

"அண்ணி" என்றாள் சிறுமி. "எங்க அம்மா வீட்ல இருக்காங்க."

ரௌஷான் விடாதே என்று தலையை ஆட்டினாள். நான் தடுப்புக் கயிற்றைப் போட்டேன். இருவரும் ஓரமாக ஒதுங்க, பையன்கள் டிக்கெட்டை நீட்டி, சத்தமில்லாமல் உள்ளே போனார்கள்.

அக்போபே சுவரில் சாய்ந்து முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தாள். பக்கத்து அரங்கில் கார்ட்டூன் ஓடியது. அதற்குப் போகலாமா என்று கேட்டாள்.

"வேண்டாம் அண்ணி. உங்களுக்கு ரயிலுக்கு நேரமாயிடும்."

பிறகு இன்கார் எக்கி அவள் காதருகே சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எனக்கும் கேட்டது.

"அழாதீங்க. நீங்க இங்க சொன்னத நான் அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்."

"சரிம்மா" என்றாள் அக்போபே.