இடது தோள் கொஞ்சம் இறக்கம்

என் கணவருக்கு இடுப்பு உண்டா இல்லையா என்று எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய விவாதம் நடந்தது.

"அவனுக்கு எதுக்கும்மா இடுப்பு? நெஞ்சுல ஆரம்பிச்சா ஒரே வழியா தொடையில தான் வந்து நிக்கும்," என்றார் அத்தை. சொன்னது அவரைப் பெற்ற தாய்.

"அம்மா, அண்ணனை ரொம்ப மட்டம் தட்டாதே. தனியா சமைச்சுச் சாப்பிடறார் இல்ல, இளைச்சிருப்பார்," என்றாள் நாத்தனார். பள்ளியில் விளையாட்டு டீச்சர். யாரைப் பார்த்தாலும் முதலில் வயிற்றைத் தான் பார்ப்பாள்.

நான் அவருக்காகப் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு விழித்தேன். கீழ்ப் பட்டை முடிந்து, நான்கு விரல் உயரம் நேராக ஏறியிருந்தது. இனிமேல் தான் உடம்பின் வடிவத்தை முடிவு செய்ய வேண்டும். இரண்டு பக்கமும் பின்னல் கண்ணிகளைக் குறைத்து இடுப்பைப் பிடித்து, பிறகு கூட்டி மார்புக்கு விரிக்கலாம். அல்லது இங்கிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போகலாம். ஒரு வம்பும் வேண்டாமென்று குழாய் மாதிரி நேராக ஏற்றிவிடலாம். மூன்றும் மூன்று விதமான ஆண்களுக்கு. அதில் என் கணவர் யார் என்பதில் தான் குழப்பம்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இங்கிருந்த கிளையை மூடிவிட்டதால் குளிர் அதிகமான ஒரு தூரத்து ஊருக்கு மாற்றிவிட்டார்கள். போய் ஏழு மாதமாகிறது. கட்டிப்பிடித்த ஞாபகத்தை வைத்துக் கண்ணி எண்ண முடியுமா? அதனால் தான் போனில் அளவு கேட்டேன். அன்று மாலையே அனுப்பினார். மார்பு, இடுப்பு, கை நீளம், முதுகு அகலம் எல்லாம் சுத்தமாக வரிசையாக இருந்தது. மார்பு ஏகப்பட்ட அகலம், இடுப்பு சிறுத்து, சினிமா ஹீரோ மாதிரி ஓர் ஆள். கடைசி வரியில், 'இடது தோள் கொஞ்சம் இறக்கம்.'

அந்த வரியைப் படித்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். ஒரு கண்ணுக்கும் இன்னொரு கண்ணுக்கும் எவ்வளவு இடைவெளி, மூக்குத் தண்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று நாள் முழுக்க அளப்பது தான் என் பிழைப்பு. ஒரு காது மேலே, ஒரு காது கீழே என்று நான் சொன்னால் வாடிக்கையாளர்கள் ஆச்சரியப்படுவார்கள். ஐம்பது வருஷம் கண்ணாடி பார்த்துத் தலை வாரியவருக்கே தெரிந்திருக்காது. நம் கோணல் நம் கண்ணில் படாது, எதிரில் நிற்பவர் சொல்ல வேண்டும்.

அவருடைய இடது தோள் இறக்கம் தான். வருஷக்கணக்காக அந்தப் பக்கமே கருவிப் பையைத் தொங்கவிட்டதில் வந்தது. கல்யாணமான புதிதில் கண்டுபிடித்தேன். அவரிடம் கூடச் சொன்னதில்லை. எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றாக வைத்திருந்தேன். இப்போது வேறு யாருக்கோ தெரிந்திருக்கிறது. சும்மா தெரியவில்லை, பின்னால் நின்று, டேப்பைப் பிடித்து, நிதானமாகப் பார்த்துத் தெரிந்திருக்கிறது.

அன்று இரவே போனில் கேட்டேன். "யாருங்க அளந்தது?"

"நான் தான். வேற யாரு?"

"முதுகையுமா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

"எதுக்கும் இன்னொரு தடவை அளந்து அனுப்புங்க."

மறுநாள் வந்த அளவில் மார்பு சுருங்கிவிட்டது, இடுப்பு பெருத்துவிட்டது. முதுகு அகலம் என்ற வரியே இல்லை. தோளைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை. முதல் அளவில் ஒருத்தர், இரண்டாவது அளவில் வேறொருத்தர். அவர் என்னிடம் பொய் சொன்னார் என்பது மட்டும் உறுதி. எதற்காக என்று தான் புரியவில்லை.

இதை அத்தையிடமும் நாத்தனாரிடமும் எப்படிச் சொல்வது? 'உங்கள் பிள்ளையின் முதுகை யாரோ அளந்திருக்கிறார்கள்' என்றா? அதனால் இடுப்பைப் பற்றி மட்டும் கேட்டு வைத்தேன். அவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

நாத்தனார் பேச்சைக் கேட்டு இடுப்பைக் குறைத்துப் பின்னினேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் எனக்கே பொருந்தும் போலிருந்தது. பிரித்தேன். அத்தை பேச்சைக் கேட்டு நேராக ஏற்றினேன். தலையணை உறை மாதிரி வந்தது. அதையும் பிரித்தேன். ஒரு நாள் கோபத்தில், அந்த ஹீரோவுக்கே பின்னிவிடுவோம் என்று வேகமாகக் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போனேன். அதைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது.

"பின்னுறதை விடப் பிரிக்கிறதுல தான் உனக்கு ருசி போலிருக்கு," என்றார் அத்தை. "நூல் பாவம்மா. இப்படியே போனா நூலே எந்திரிச்சு வீட்டை விட்டு ஓடிடும்."

"அண்ணி, கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு?"

"கம்பளித் தூசி," என்றேன்.

"கம்பளித் தூசிக்கு மூக்குமா அடைச்சுக்கும்?" என்று முணுமுணுத்துவிட்டு, அவளே எழுந்து போய்ச் சூடாகக் காபி போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்தாள். அதற்கு மேல் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு மதியம், சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. திறந்தால் அவர். ஒரு கையில் பெட்டி. இன்னொரு கையில், ஜிப் வைத்த உறைக்குள் தொங்கிய நீளமான கறுப்பு கோட்டு.

"சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறியேடா!" என்று அத்தை ஓடி வந்தார். "இளைச்சியா, பெருத்தியா, திரும்பு பார்க்கலாம்." நாத்தனார் வழக்கம்போல் வயிற்றைப் பார்த்தாள். "அம்மா, இடுப்பு விஷயத்துல நீ தான் ஜெயிச்சே," என்றாள். நான் எதையும் பார்க்கவில்லை. கோட்டைப் பார்த்தேன்.

"நாளைக்கு இங்கயே ஒரு கம்பெனியில இன்டர்வியூ," என்றார். "மேற்பார்வையாளர் வேலை. கோட்டு போட்டுட்டு வரணும்னாங்க. தைக்கக் கொடுத்தேன்."

"தையல்காரரா அளந்தாரு?" என் குரல் எனக்கே வேற்றுக் குரலாகக் கேட்டது.

அவர் அசடு வழிந்தார். "நீ அளவு கேட்ட அன்னிக்குத் தான் அங்க போயிருந்தேன். அந்தப் பெரியவர் ஒவ்வொண்ணா சத்தமா சொல்லச் சொல்ல, நான் போன்ல அடிச்சு அப்படியே உனக்கு அனுப்பிட்டேன். அப்புறம் தான் சொன்னார், கோட்டுன்னா உள்ள போடறதுக்கெல்லாம் இடம் விட்டுத் தான் மார்பு அளவு சொல்வாராம்."

"இடுப்பு?"

"அது... அவர் டேப்பை எடுத்ததும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன்."

"இரண்டாவது அளவு?"

"லிஃப்ட் வேலைக்கு வச்சிருக்கிற இரும்பு டேப்பால நானே அளந்தது. அது உடம்புல சுத்த மாட்டேங்குது. பாதி கண் மதிப்பு தான்."

"அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

அவர் கோட்டை நாற்காலியில் மெல்லப் போட்டார். "வேலை கிடைக்கலன்னா? வர்றேன் வர்றேன்னு சொல்லி உன்னை எதிர்பார்க்க வச்சுட்டு, வராமப் போனா?"

எனக்குத் திட்ட நிறைய இருந்தது. அத்தையும் நாத்தனாரும் திடீரென்று சமையலறையில் ஏதோ அவசர வேலை கண்டுபிடித்துக்கொண்டு போனார்கள். பாத்திரச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டு தான் நின்றிருப்பார்கள்.

"போட்டுக் காட்டுங்க," என்றேன்.

போட்டார். இடது தோளுக்குள் பஞ்சு வைத்து உயர்த்தியிருந்தார் அந்தத் தையல்காரர். இரண்டு தோளும் ஒரே மட்டம். நல்ல கோட்டு தான். ஆனால் அதற்குள் நின்றவர் யாரோ ஆபீஸர் போலிருந்தார். என் மனிதரைக் கொஞ்சம் தேட வேண்டியிருந்தது.

"கழட்டுங்க. நான் அளக்கணும்."

என் டேப்பை எடுத்துவந்து அவரைச் சுற்றிப் போட்டேன். மார்பு அளவு இரண்டு கணக்கிலும் சேரவில்லை. இடுப்புக்கு வந்ததும் வயிறு உள்ளே போனது.

"மூச்சை விடுங்க."

"விட்டா அளவு மாறிடும்."

"மாறட்டும்."

விட்டார். டேப் என் விரல்களுக்கிடையே நகர்ந்தது. சிரித்தபோது இன்னும் நகர்ந்தது. குறைத்தாலும் தப்பு, நேராக விட்டாலும் தப்பு. இரண்டு விலாப் பக்கமும் ஒரு கை அகலத்துக்குக் கீழ்ப் பட்டையின் பின்னலையே மேலே வரை கொண்டுபோக வேண்டியது தான். அது இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். மூச்சைப் பிடித்தாலும் விட்டாலும் கூடவே வரும்.

"வேலை கிடைக்குமா?" என்று கேட்டேன்.

"தெரியலையே."

"எனக்கும் தெரியல," என்றேன். இந்தத் தெரியாமையில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம், அது போதுமாக இருந்தது.

பின்னால் போய் நின்று முதுகை அளந்தேன். கடைசியாகக் கையைத் தோளில் வைத்தேன். இடது பக்கம் நான்கு வரிசை குறைத்துப் பின்ன வேண்டும். பஞ்செல்லாம் கிடையாது.

"என்ன பார்க்கிறே?" என்றார் திரும்பாமலே.

"ஒண்ணுமில்ல. அசையாம நில்லுங்க."