நான்கு மாதம் கழித்து வரும் குலுக்கம்

பதுளையில் கடை வைத்திருந்த நப்ரீஸின் கார் பள்ளத்தில் விழுந்தால், அந்தக் குலுக்கம் உள்ளே இருந்தவர்களுக்குச் சரியாக நான்கு மாதம் கழித்து, அதே தேதியில், அதே மணிக்கு வந்து சேர்ந்தது. காரில் போகும்போது ஒன்றும் தெரியாது. உடம்பு மரத்துவிட்டதுபோல இருக்கும், அவ்வளவுதான். வாகன இறக்குமதி நின்றுபோய்ப் பழைய கார்களெல்லாம் யானை விலை விற்ற வருடத்தில், கண்டியிலுள்ள ஒருவரிடமிருந்து அவர் அதை வாங்கியிருந்தார். சிவப்பு நிறம், இரண்டு கதவு, ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். பார்வைக்குத் தரையோடு ஒட்டி இருக்க வேண்டும் என்று முந்தைய சொந்தக்காரர் ஸ்பிரிங்கை வெட்டி, கல்லுப்போன்ற ஷொக் அப்சோபர்களைப் பூட்டியிருந்தார். கார் கொஞ்சம் குலுக்கும் என்று விற்கும்போதே சொல்லவும் செய்தார். நப்ரீஸ் ஓட்டிப் பார்த்துவிட்டு, மனுஷன் மெத்தையை விட்டு இறங்காதவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். நான்கு மாதம் கழித்து, காலைச் சாப்பாட்டு மேசையில் அவருக்குக் கண்டி வீதி முழுவதும் வந்து சேர்ந்தது. நாற்காலியில் துள்ளித் துள்ளி விழுந்த புருஷனைப் பார்த்து லரீபா வயிறு வலிக்கச் சிரித்தார். அடுத்த வாரம் அவருடைய முறை வந்தது.

ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. அந்தக் காரில் ஏறியவர்கள் தேதியைக் கலண்டரில் குறித்து வைத்தார்கள். குறிக்க மறந்த பக்கத்துக் கடை வாஹித், ஒரு கலியாண வீட்டில் ஆறு பேரோடு ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது எம்பிக் குதித்து, எதிரே இருந்த மாப்பிள்ளையின் தகப்பனார் மடியில் புரியாணியைக் கொட்டினார். நப்ரீஸும் செய்யாததில்லை. டயரில் காற்றைக் குறைத்தார், பின்னால் இரண்டு மூட்டை அரிசி ஏற்றினார், ஸீட்டுக்கு மேல் ஸீட் தைத்துப் போட்டார். பின் இடது ஷொக் உடைந்தபோது கராஜ் முருகையா புதிதாக ஒன்று பூட்டினார். அதற்குப் பிறகு அந்த மூலையிலிருந்து வர இருந்த குலுக்கம் அத்தனையும் வராமலே போயிற்று. மற்ற மூன்றையும் மாற்றிவிடலாம் என்று முருகையா சொன்னதற்கு, "ஸ்போர்ட்ஸ் கார்னா அப்பிடித்தான் ஈக்கும்" என்று நப்ரீஸ் சிரித்தார். பள்ளத்துக்காகப் பிரேக்கை மிதிப்பது அவருக்கு மானப் பிரச்சினை.

தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்கு இடுப்பில் கட்டும் படங்குதான் அவர் வியாபாரம். ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்சாதியையும் ஏற்றிக்கொண்டு லுணுகலைக் கடைகளுக்குப் படங்கு கொண்டுபோவார். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அதுதான் பொழுதுபோக்கு. ஒக்டோபரில் ஒரு ஞாயிறு, லுணுகலையில் பகல் சாப்பாட்டு நேரம், ஜூன் மாதத்துக் குலுக்கம் இடுப்பில் ஏற்றிய நாரி வலி தாங்காமல் லரீபா சொல்லிவிட்டார்: "இந்தக் கார் ஈக்கணும், இல்லாட்டி நான் ஈக்கணும். எதுன்னு செல்லுங்க." நப்ரீஸ் எழும்பிப்போய்க் காரை எடுத்தார். திரும்பும் வழியெல்லாம் இருவரும் வாய் திறக்கவில்லை. லரீபா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒன்றரை மணி நேரப் பாதைக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார், வீம்பு என்று லரீபா நினைத்தார். செவ்வாய்க்கிழமை கடையில் படங்கு அளந்துகொண்டிருந்தபோது நப்ரீஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அஸர் தொழுகைக்கு முன்னர் மௌத்தாகிவிட்டார்.

லரீபா அழவில்லை. நல்ல சபுர், என்ன பொறுமை என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அது சபுர் அல்ல என்பது அவருக்குத் தெரியும். அவருக்கு எதுவுமே உறைக்கவில்லை. தன்மேல் கோபத்தோடுதான் அவர் போனாரா என்ற ஒரே கேள்வி மட்டும் இருந்தது. கேட்பதற்கு ஆளில்லை. புருஷன் இறந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் பார்க்காமல் இத்தா இருக்க வேண்டும். அவர் உள்ளறையில் உட்கார்ந்தார். நான்கு மாதத்துக்கு முந்தைய பயணங்கள் ஒவ்வொன்றாக அங்கே வந்தன. ஹல்துமுல்லை வளைவுகளில் மெத்தையிலிருந்து ஒரு சாண் எழும்பி விழுந்தார். துக்கம் விசாரிக்க வந்த வெலிமடைச் சொந்தக்காரர்கள் அப்படி ஒன்றைக் கண்டு ஜின் பிடித்துவிட்டதென்று பயந்து, பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கி வந்தார்கள். நப்ரீஸின் தங்கை பர்ஸானா, "ஜின்னுமில்ல கின்னுமில்ல, பண்டாரவள ரயில் கடவ" என்று சொல்லித் தண்ணீரைப் பூச்செடிக்கு ஊற்றினார்.

பெப்ரவரியில் கொழும்பிலிருந்து ஒருவர் காரைக் கேட்டு வந்தார். மூன்று ஷொக்கையும் மாற்றிக் கொடுத்தால் எடுப்பதாகச் சொன்னார். நப்ரீஸின் தம்பி ஜெஸீம், முருகையாவையும் கூட்டிக்கொண்டு வந்து திரைச்சீலைக்கு வெளியே நின்றார்.

"மதினி, காரக் குடுக்கவா?"

"எனக்கென்ன. செய்ங்க" என்றது திரைக்குள்ளிருந்து குரல்.

ஜெஸீம் போகத் திரும்பினார். முருகையா மட்டும் அங்கேயே நின்றார். "அம்மா, ஷொக்க கழட்டிட்டா வரவேண்டியது வராதுங்க. இன்னும் ஏதும் பயணம் இருக்குங்களா?"

உள்ளே கலண்டர்த் தாள் புரண்டது. "ஒண்ணு ஈக்கி. வியாழக்கிழம. அது வாற வரைக்கும் கழட்டாதீங்க."

"நானாட மௌத்துக்குப் பொறகும் இந்த அடி வாங்கணுமா மதினி?" என்று ஜெஸீம் கேட்டார். கொழும்புக்காரர் காத்திருக்க முடியாதென்று போய்விட்டார்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்குப் பதுளையிலிருந்து லுணுகலை வரையான பாதை வந்தது. வழக்கம்போல முரட்டுத்தனமாக, ஒரு பள்ளம் குறையாமல் வந்தது. அந்த வழியில் இருந்தது சந்தோஷமான நப்ரீஸ். இரண்டரை மணிக்குத் திரும்பும் பாதை தொடங்க வேண்டும். கோபக்காரனின் பாதை. லரீபா நாரிக்குத் தலையணை வைத்து, இரண்டு கையையும் சுவரில் ஊன்றிப் பல்லைக் கடித்துக்கொண்டார். லுணுகலையைத் தாண்டியதும் வரும் உடைந்த போக்குப் பாலம் வந்தது. தொட்டிலை ஆட்டிய அளவுக்குத்தான் வந்தது. அடுத்த பள்ளம் வரவே இல்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. உடம்பு ஒரு தடவை இடப்பக்கம் மெல்லச் சாய்ந்தது, ஒரு தடவை வலப்பக்கம். நப்ரீஸ் பள்ளத்துக்குப் பள்ளம் பிரேக் பிடித்து, சுற்றிச் சுற்றி ஓட்டியிருக்கிறார். அந்த மூன்று மணி நேரமும் அதற்குத்தான்.

நான்கு மாதத்தில் முதல் தடவையாக லரீபா வாய்விட்டு அழுதார். சத்தம் கேட்டு பர்ஸானா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

"நல்லாக் குலுக்குதா மதினி?"

"இல்லடி," என்றார் லரீபா. "குலுக்கவே இல்ல."

பர்ஸானா மணிக்கூட்டைப் பார்த்தார். மூன்று மணிகூட ஆகவில்லை. பதுளைக்கு இன்னும் நிறையத் தூரம் இருந்தது. அவர் கதவைச் சாத்திவிட்டுப் போனார். லரீபா ஜன்னல் பக்கமிருந்து முகத்தை ஓட்டுபவர் பக்கம் திருப்பி, அழுதபடியே மிச்சப் பாதையையும் வந்தார்.