ஒன்று எனக்கு, ஒன்று ஞானேந்திரனுக்கு

வின்சன்டின் வலது கை, குளிர்கோட்டுப் பைக்குள் கொக்கின் அலகு மாதிரிக் குவிந்து இறுகிக் கிடந்தது. வெளியே எடுத்தால் செலீன் பார்ப்பாள். பார்த்தால் கேட்பாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் செலீனின் கணவர் ஞானேந்திரன். கோயிலில் அவர் பாட வாயைத் திறந்தால் மொன்றியலின் வில்லரேப் பக்கம் மூன்று தெருவுக்குப் பனி உருகும். அப்பேர்ப்பட்ட மனிசன் மூன்று நாளாக, மொன்றியல் ஆற்றில் ஒரு சாண் வற்றியிருக்குமளவு தண்ணீர் குடித்தார். இன்று காலை சொந்தப் பெண்சாதியை "பாதர்" என்று கூப்பிட்டு ஆசீர்வாதம் கேட்ட பிறகுதான் செலீன் அம்புலன்சுக்கு அடித்தாள்.

இரத்தத்தில் கல்சியம் எக்கச்சக்கம். சிறுநீரகம் தடுமாறுகிறது, இதயமும் தாளம் தப்புகிறது. ஏனென்றுதான் டாக்டருக்குப் பிடிபடவில்லை. புற்றுநோயாகவும் இருக்கலாம் என்றார். வேறென்ன மருந்து எடுக்கிறவர் என்று இரண்டாம் தரமும் கேட்டார். பிரஷர் குளிசையும் கடையில் வாங்கும் கல்சியமும் மட்டும்தான் என்று செலீன் சத்தியம் செய்தாள்.

வின்சன்டின் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரிக் கூசியது.

நாலு வருடத்துக்கு முன் வின்சன்டின் தொண்டையில் கட்டி வெட்டியபோது, கல்சியத்தைக் கட்டிக்காக்கும் குட்டிச் சுரப்பிகளும் கூடவே போய்விட்டன. அன்றிலிருந்து நாளுக்கு இரண்டு குளிசை. மிளகு பருமன்தான், ஆனால் விழுங்கிய கையோடு வேலைக்கு இறங்கும் வைட்டமின் டி. ஒன்றுகூடத் தவறக்கூடாது, தவறினால் கல்சியம் இறங்கிக் கைவிரல் இழுத்துக்கொள்ளும், ஒருவருக்கும் கொடுக்கக்கூடாது என்று மருந்துக்கடைக்காரி படித்துப் படித்துச் சொன்னாள். ஆனால் அவர்களுடைய கோயில் பங்குச் சனத்துக்குள் ஒரு வீட்டு மருந்துப் போத்தல் நத்தார் கேக் மாதிரி, நாலு வீட்டுக்குப் போகாமல் முடியாது. ஞானேந்திரன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகியதும், "வைட்டமின்தானே ஐசே, இஞ்சை வெய்யிலும் இல்லை" என்று வின்சன்ட் தன் பங்கில் பாதியை நீட்டிவிட்டார்.

டாக்டர் வாசலைத் தாண்டப் போனார். சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் முப்பது வருடம் சேர்த்த பிரெஞ்சு முழுவதும் வின்சன்டின் வாயிலிருந்து ஓடிப்போயிருந்தது.

"செலீன், அவர் என்ரை குளிசையைக் குடிக்கிறவர். நான்தான் குடுத்தனான்."

"எவ்வளவு காலமா, அண்ணை?"

"ஆறு கிழமை. எனக்கு ஒண்டு, அவருக்கு ஒண்டு."

செலீன் அவரைப் பார்த்த பார்வையில் மொன்றியல் இன்னொரு தரம் உறைந்தது. பிறகு டாக்டரைக் கூப்பிட்டு, ஒரு சொல் விடாமல் பிரெஞ்சில் ஒப்புவித்தாள். பைக்குள் கிடந்த குளிசைப் போத்தலைக் காட்ட வின்சன்ட் கையை வெளியே இழுத்தார். டாக்டர் போத்தலைப் பார்க்கவில்லை. விரியாத அந்த விரல்களைத்தான் பார்த்தார். உடனே இன்னொரு கட்டில் கொண்டுவரச் சொன்னார்.

இரவெல்லாம் இருவருக்கும் நரம்பு வழியாக மருந்து ஏறியது: ஒருவருக்குக் கல்சியத்தை இறக்க, மற்றவருக்கு ஏற்ற.

மறுநாள் மத்தியானம் ஞானேந்திரன் கண்ணைத் திறந்து பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். செலீன் கதிரையைக் கிட்ட இழுத்தாள்.

"வின்சன்ட்," என்றார் அவர், ஆளை அடையாளம் கண்டு. "முழங்கால் நோவு மட்டும் சுகம் ஐசே. அந்தக் குளிசை இன்னும் கிடக்கோ?"

செலீன் எழுந்துபோய், இரண்டு கட்டிலுக்கும் நடுவிலிருந்த திரையைக் கடைசி வளையம் வரை இழுத்து மூடினாள்.