மிஸ் அணியின் கடைசி ஆள்

காலை எட்டு மணியிலிருந்து ஜெரூஷாவால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. உட்கார்ந்தால் கால் ஆடியது. எழுந்தால் கை எதையாவது எடுத்து அடுக்கப் பார்த்தது. பந்தலில் வரிசையாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை மூன்றாவது முறையாக நேராக்கிவிட்டு நுங்குக் கடைப் பக்கம் போனாள். எதற்குப் போனோம் என்பது மறந்து திரும்பி வந்தாள்.

முடிச்சூர் சபையின் கோடை விழா மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும். சர்ச்சுக்குப் பின்னாலிருக்கும் காலி மனையில் டென்னிஸ் பந்து கிரிக்கெட், சாக்கு ஓட்டம், பிரியாணிக் கடை, நுங்குக் கடை. எந்த ஊர்க்காரரும் வரலாம், விளையாடலாம். ஆனால் கூட்டம் கலையாமல் காத்திருப்பது நாலரை மணிக் கயிறு இழுப்புக்கு. பெண்கள் மட்டும்தான். கல்யாணம் ஆனவர்கள் மிசஸ் அணி, ஆகாதவர்கள் மிஸ் அணி. மூன்று வருடமாக மிஸ் அணியின் கடைசி ஆள் ஜெரூஷா. கயிற்றின் நுனியை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு குதிகாலை மண்ணில் ஊன்றிவிட்டால் அவளை யாராலும் அசைக்க முடியாது.

இந்த வருடம் அவள் மிஸ் இல்லை. ஐந்து வாரத்துக்கு முன்னால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கதிரேசனுக்கும் அவளுக்கும் திருமணம் பதிவாகிவிட்டது. தாம்பரத்தில் மாலை நேர ஜப்பானிய மொழி வகுப்பில் அவளுக்குப் பக்கத்து இருக்கைக்காரன் அவன். வீடு படப்பையில், வேலை ஒரகடத்தில். ஈஸ்டர் முடியட்டும், சொல்லலாம் என்று நினைத்தாள். பிறகு அம்மாவின் பள்ளியில் ரிசல்ட் வரட்டும் என்றாள். ரிசல்ட்டும் வந்துவிட்டது.

பத்து மணிக்கு அம்மா மெட்டில்டா கழுத்தில் விசிலோடு வந்தாள். பள்ளித் தலைமையாசிரியை, பெண்கள் போட்டிகளுக்கு நடுவர். எதையும் பட்டியல் போட்டுத்தான் பேசுவாள்.

"மூணு விஷயம் ஜெரூ. லெமன் ஸ்பூனுக்கு எலுமிச்சம்பழம் பத்தல. சாக்குல ஒண்ணு கிழிஞ்சிருக்கு. அப்புறம், நாலரைக்குப் பொழிச்சலூர்லேர்ந்து ஒரு குடும்பம் வருது. பையன் பேங்க்ல இருக்கான். நீ கயிறு இழுக்கறப்போ தூரத்துல இருந்து பார்த்துக்கறோம்னாங்க."

"மம்மி, யாரைக் கேட்டு வரச் சொன்னீங்க?"

"பொண்ணு பாக்கற மாதிரியே இருக்காது. விழாவுக்கு வர்ற விசிட்டர்ஸ் மாதிரி வருவாங்க. உனக்குக் கூச்சமாவும் இருக்காது. நல்ல ஐடியால்ல?"

"மம்மி, நான் ஒண்ணு சொல்லணும்..."

"முதல்ல எலுமிச்சம்பழம்."

அவள் எலுமிச்சம்பழம் வாங்கப் போனாள்.

கதிரேசன் படப்பை கிரிக்கெட் அணியோடு வந்திருந்தான். இரண்டாவது ஆட்டத்திலேயே தோற்றுவிட்டு, பதினோரு பேரும் வேப்பமர நிழலில் பிரியாணி சாப்பிட்டார்கள். தண்ணீர் டிரம் அருகே அவனைத் தனியாகப் பிடித்தாள்.

"கதிர், நீங்க எல்லாரும் கிளம்பிடுங்களேன், ப்ளீஸ்."

"பசங்க கயிறு இழுப்பு பாக்கணும்றானுங்க. இன்னா ஆச்சு?"

பொழிச்சலூர்க் குடும்பத்தைப் பற்றிச் சொன்னாள். அவன் கையிலிருந்த டம்ளர் தண்ணீரைக் குடிக்காமல் கீழே ஊற்றினான்.

"அப்போ மிஸ் பக்கம்தான் நிக்கப் போற."

"வேற எங்க நிக்கறது?"

"இன்னும் ஒரு மாசம் கழிச்சு சொல்லு, ஒரு வருஷம் கழிச்சுகூடச் சொல்லு. நான் வெயிட் பண்றேன்" என்றான். "ஆனா என் கண்ணு முன்னாடி கல்யாணமே ஆகலன்னு சொல்லாத ஜெரூ. அதை மட்டும் என்னால பாக்க முடியாது."

சாப்பாட்டு நேரத்தில் அம்மாவிடம் போனாள். அம்மா சாக்குத் தைத்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் நாலு பேர். மூன்றரைக்குப் போனாள். லெமன் ஸ்பூன் ஓட்டத்தில் எலுமிச்சம்பழத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்த ஒரு சிறுமியோடு அம்மா சண்டையிட்டுக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கு அருகே போய் நின்றபோது அம்மாவே, "தலையை வாரு, முகத்தைக் கழுவு" என்றாள். அவள் போய் முகத்தைக் கழுவினாள். சொல்லாமல் இருப்பதற்கு உலகமே உதவி செய்வதுபோல இருந்தது. அந்த உதவியைத் தானும் தேடிப் போகிறோமோ என்று நினைத்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

நாலரைக்குச் சுண்ணாம்புக் கோட்டின் இரு பக்கமும் பெண்கள் வரிசையாக நின்றார்கள். பந்தலின் முன்வரிசையில் புதிதாக நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் முழுக்கைச் சட்டை போட்ட பையன். அம்மா கண்ணாலேயே ஜெரூஷாவை அவள் இடத்துக்கு அனுப்பினாள். கால்கள் பழகிய வழியில் நடந்தன. கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டாள். வேப்பமரத்தடியில் கதிரேசன் தலையைக் குனிந்துகொண்டு காலணிக் கயிற்றைக் கட்டத் தொடங்கினான். ஏற்கெனவே கட்டியிருந்த கயிற்றை.

சபைச் செயலர் வேதசிரோமணி மைக்கில் எண்ணினார்.

"மிஸ் பக்கம் பத்து, மிசஸ் பக்கம் எட்டு! இது அநியாயம். யாராவது ஒரு தங்கச்சி அவசரமா ஒரு கல்யாணத்தைப் பண்ணிக்கிட்டா ஒன்பதுக்கு ஒன்பதா ஆட்டத்தை ஆரம்பிக்கலாம்!"

மனை முழுக்கச் சிரிப்பு. ஜெரூஷா இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்தாள். மிஸ் அணியின் வரிசையைக் கடந்து, கோட்டைத் தாண்டி, அந்தப் பக்கம் போய்க் கயிற்றைப் பிடித்தாள்.

கைத்தட்டல் பலமாக எழுந்தது.

"பாருங்கப்பா, தியாகம்!" என்றார் செயலர்.

மிசஸ் அணித் தலைவி தனம் அவள் முதுகில் தட்டினாள். "வாடி செல்லம்! உன்னை எடுத்துட்டா அந்தப் பக்கம் காலி."

முன்வரிசையில் பையனின் அம்மாகூடச் சிரித்தாள். எல்லாரும் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். ஜெரூஷா வேப்பமரத்தைப் பார்த்தாள். கதிரேசனும் உதட்டோரம் லேசாகச் சிரித்தான். இவ்வளவு போதும், இதோடு விட்டுவிடலாம் என்று அந்தச் சிரிப்பு அவளுக்கு அனுமதி தருவதுபோல இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

அம்மா அருகே வந்து குரலைத் தாழ்த்தினாள். "ஆள் கணக்குக்கு வேற யாரையாவது அனுப்பறேன். நீ உன் இடத்துக்குப் போ. அவங்க பாக்கறாங்க."

"ஆள் கணக்குக்கு வரல மம்மி."

"பின்ன?"

"எனக்கு ஏப்ரல்ல ரெஜிஸ்டர் ஆயிடுச்சு."

தனத்தின் கை அவள் முதுகிலேயே நின்றுவிட்டது. செயலருக்கு எதுவும் கேட்கவில்லை. "விசில் மேடம், விசில்!" என்று மைக்கில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா ஜெரூஷாவின் முகத்தையே பார்த்தாள், ஒரு விடைத்தாளை மேலிருந்து கீழ்வரை படிப்பதுபோல.

"பையன் யாரு?"

"இங்கதான் இருக்கார். படப்பை டீம்."

அம்மா பந்தலைப் பார்த்தாள். முன்வரிசையைப் பார்த்தாள். நாலு பக்கமும் ஜனம். விசிலைக் கையிலெடுத்து, புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

"மிசஸ் பக்கம் புதுசா வந்தவ கடைசில நிக்கக் கூடாது" என்றாள். "முன்னாடி போய் நில்லு. எல்லாருக்கும் தெரியட்டும்."

ஜெரூஷா வரிசையின் முன்னால் போனாள். எதிரே மூன்று கை தூரத்தில் மிஸ் அணியின் தோழிகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். விசில் முதலில் வெறும் காற்றாக வந்தது. இரண்டாம் முறை ஒலித்தது. கயிறு விறைத்தது. தனம் பின்னாலிருந்து "ஏலே... ஏலோ!" என்று கத்தினாள். முன்னால் நின்று இழுத்து அவளுக்குப் பழக்கமில்லை. குதிகால் சறுக்கியது, உள்ளங்கை எரிந்தது, கோடு நெருங்கி வந்தது.

யார் இழுபடுகிறார்கள் என்று நடுவர் பார்க்கவே இல்லை. மெட்டில்டா கோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். வேப்பமரத்தடியில் இருந்த பதினோரு பேரின் முகங்களையும் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். ஏழாவது முகத்துக்கு வந்தபோது கதிரேசன் எழுந்து நின்றான்.