அது குளிர் இல்லை

அண்டை வீட்டு அழகம்மா ஜன்னலுக்குக் குறுக்கே போர்வையைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு முனையை ஆணியில் மாட்டிவிட்டு, மறுமுனையைப் பல்லால் கடித்துப் பிடித்தபடியே, "எட்டிப் பாத்துறாத, சொல்லிட்டேன். வயித்துல ரெண்டு இருக்கு" என்றாள். வாயில் துணி இருந்ததால் பாதிதான் கேட்டது. விடிந்ததிலிருந்து இதையே லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சொல்லிவிட்டுப் போயிருந்ததால், மீதிப் பாதி சுலக்ஷனாவுக்குத் தேவைப்படவில்லை.

பக்கத்துக் காம்பராவில் மூர்த்தியைக் கிடத்தியிருந்தார்கள். கணேசமூர்த்தி, அவள் புருஷன் நிரஞ்சனின் தம்பி. தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அடுத்தடுத்த இரண்டு காம்பராக்கள் அவர்களுடையவை. ஒன்றில் மாமியார் நாகலெட்சுமியும் மூர்த்தியும், மற்றதில் இவர்கள் இருவரும். நடுவில் இருந்த சுவர் கூரை வரை போகாமல் ஓர் ஆள் உயரத்தோடு நின்றுவிட்டது. வெள்ளைக்காரன் கட்டும்போது கல் தீர்ந்துபோனதா, மனசு தீர்ந்துபோனதா தெரியாது. இந்த லயத்தில் ஒரு ரகசியமும் தங்காததற்கு அந்த இடைவெளியே காரணம்.

பிள்ளைத்தாய்ச்சி பிணத்தைப் பார்க்கக் கூடாது. ஆகவே மூர்த்தியின் சாவு அவளுக்கு வெறும் சத்தமாகவே வந்துகொண்டிருந்தது. வாளியில் தண்ணீர் மொள்ளும் சத்தம். வெளியே தப்புப் பறைகளை நெருப்பில் காட்டிச் சூடேற்றிப் பார்க்கும் சத்தம். யாரோ ஒருத்தி, "அந்த ஊதா ஸ்வெட்டர எடுங்கடி, அது இல்லாம புள்ள ஒரு நாளும் இருந்ததில்லையே" என்றாள்.

விடியற்காலை அலறலுக்குப் பிறகு ஒரு சொட்டுக்கூட அழாமல் இருந்த நாகலெட்சுமியின் குரல் அப்போதுதான் எழுந்தது.

"ஸ்வெட்டர் வேணாம்! போடாதீங்கன்னா போடாதீங்க. அது குளிரு இல்ல!"

"பெத்தவ இல்லையா, புத்தி தடுமாறுது" என்று அழகம்மா இங்கே முணுமுணுத்தாள். சுலக்ஷனாவும் அப்படித்தான் நினைத்தாள்.

மூர்த்திக்கு முப்பது தாண்டிவிட்டது. உயரம் மட்டும் பள்ளிக்கூடப் பையன் அளவோடு நின்றிருந்தது. சின்னக் கண்கள், தடித்த நாக்கு, எதையும் இரண்டு மூன்று சொல்லில் முடித்துவிடும் பேச்சு. லயத்தில் சாமிப் புள்ள என்பார்கள், ஆஸ்பத்திரியில் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். அக்கரப்பத்தனைப் பனியில் அவன் ஸ்வெட்டரும் குல்லாவுமாக ரோட்டு வளைவில் நிற்பான். தேயிலைக் கொழுந்து லொறியின் பின்பக்கத்தை அவன் இரண்டு தட்டுத் தட்டி "ரைட்!" என்று கத்தினால்தான் லொறி கிளம்பும். டிரைவர்கள் அதை ஒரு சட்டமாகவே ஆக்கி வைத்திருந்தார்கள்.

வயிற்றில் இரட்டை என்று தெரிந்த நாளிலிருந்து, காலையில் எழுந்ததும் அவன் சுவரில் இரண்டு தட்டுத் தட்ட ஆரம்பித்தான். ஒரு பிள்ளைக்கு ஒரு தட்டு. "அண்ணி, ரைட்டா?" என்பான். "ரைட்டு தம்பி" என்று இவள் சொன்னால்தான் தேநீர் குடிப்பான்.

பிறகு அந்த ஸ்கேன் வந்தது. இரண்டில் ஒரு பிள்ளைக்குப் பிடரியில் நீர் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது என்றார் ஹட்டனில் பார்த்த டொக்டர். குடும்பத்தில் யாருக்காவது ஏதாவது இருந்ததா என்று கேட்டார். என் தம்பிக்கு, என்றான் நிரஞ்சன். டொக்டர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல நேர்ஸ் தமிழில் சொன்னாள். அதே குறை பிள்ளைக்கும் இருக்கிறதா என்று பார்க்க, கண்டியில் தாயின் இரத்தத்தை எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். இரண்டு பிள்ளைக்கும் சேர்த்துத்தான் பதில் வரும், எந்தப் பிள்ளை என்று சொல்லாது. அது தெரிய வேண்டுமானால் வயிற்றில் ஊசி போட வேண்டும், அதில் இரண்டுக்குமே ஆபத்து வரலாம். தெரிந்துகொண்டால் பிள்ளையின் நெஞ்சைக் கவனமாகப் பார்க்கலாம், பெரிய ஆஸ்பத்திரியில் பெறுவதற்கு ஏற்பாடு செய்யலாம் என்றும் சொன்னாள். நிரஞ்சனின் காதில் அது ஏறவில்லை. அதற்குள் அவன் எழுந்துவிட்டான்.

அன்றைக்குப் படுத்த பிறகு அவன் கிசுகிசுத்தான். "மூர்த்தி மாதிரி ஒண்ணு வந்துட்டா? ஒருத்தன வச்சுக்கிட்டு அம்மா பட்டது போதாதா?"

"தெரிஞ்சு என்னங்க பண்ணப் போறோம்?"

"வேணாம்னா கலைக்க எடம் இருக்குன்னு கடையில ஒரு ஆளு சொன்னாரு."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் மூர்த்தி இருமினான்.

மறுநாள் காலையில் சுவரில் ஒரு தட்டுத்தான் விழுந்தது. அவள் காத்திருந்தாள். இன்னொன்று விழவில்லை. அதற்கடுத்த நாளும் ஒன்றுதான். எந்தப் பிள்ளையை விட்டுவிட்டாய் தம்பி என்று கேட்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. இன்றைக்கு விடியும்போது அந்த ஒரு தட்டும் இல்லை. நாகலெட்சுமியின் அலறல்தான் கேட்டது.

கண்டியில் இரத்தம் எடுக்க நாளைக்குத்தான் தேதி கொடுத்திருந்தார்கள்.

பின்கதவு திறந்தது. நிரஞ்சன் வந்தான். நீர் எடுத்து வந்த ஈரவேட்டி, கண்கள் வீங்கியிருந்தன. அழகம்மா அடுப்படிக்கு ஒதுங்கிக்கொண்டாள். அங்கிருந்தும் எல்லாம் கேட்கும் என்பது மூவருக்கும் தெரியும்.

"நாளைக்கி போக வேணாம்."

அவள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அவன அங்கே மண்ணுல போட்டுட்டு, அவன மாதிரி ஒண்ணு வேணாம்னு ரத்தம் குடுக்கப் போறதா? என்னால ஏலாது. இனிமே அந்தப் பேச்சே வேணாம்."

சுலக்ஷனாவுக்குக் கோபம் வந்தது. செத்த வீட்டில் வரக்கூடாத கோபம். போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் இவன்தான், வேண்டாம் என்று இப்போது கைகழுவுகிறவனும் இவன்தான். ஆண்பிள்ளைக்கு எடுக்கவும் முடிகிறது, வைக்கவும் முடிகிறது. அவளால் இரண்டையும் எங்கேயும் இறக்கி வைக்க முடியாது. பதில் தெரியாமல் இன்னும் எத்தனை மாதம் இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது என்று நினைத்தபோது அவளுக்குப் பயமாக இருந்தது.

"போங்க. உங்கள அங்க தேடுவாங்க" என்று மட்டும் சொன்னாள்.

தப்புச் சத்தம் உச்சத்துக்கு ஏறியது. பெட்டியைத் தூக்கப் போகிறார்கள். பெண்களின் ஒப்பாரிக்கு நடுவில் சுலக்ஷனா கட்டிலைப் பிடித்து எழுந்து சுவரருகே போனாள். அழகம்மா "ஏய், எங்க போற?" என்று ஓடி வருவதற்குள், முஷ்டியால் சுவரை இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு நெற்றியை அந்த ஈரச் சுவரில் வைத்துக்கொண்டு, தப்புச் சத்தம் தேயிலை மலையில் ஏறி, வளைவு தாண்டித் தேயும்வரை அழுதாள்.

வீடு கழுவி, எல்லாரும் குளித்து முடித்ததும் நாகலெட்சுமி வந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அழகம்மா தேநீரை வைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். மாமியார் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து முடியைப் பிழிந்தாள்.

"தட்டுனது நீதான?"

"ஆமாங்கத்த."

"கேட்டுச்சு." முடியை ஒரு தடவை உதறினாள். பிறகு, "நாளைக்கி எந்த பஸ்ஸுக்குக் கெளம்பணும்?" என்றாள்.

சுலக்ஷனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்பிடி..."

"செவரு எனக்கும் சேத்துத்தான் கட்டையா இருக்கு."

"அத்த, அவரு ஏதோ பயத்துல பேசிட்டாரு."

"பயந்தா என்ன? பயப்படத்தான் செய்வாங்க. நானுந்தான் பயந்தேன்." நாகலெட்சுமி தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "மூர்த்தி பொறந்தப்ப அவனுக்கு ஒதடு நீலமா இருக்கும். நகமும் அப்பிடித்தான். நான் குளிருன்னு நெனச்சேன். இந்த ஊருல யாருக்கு நகம் நீலமா இல்ல? பனியில நின்னு கொழுந்து எடுத்துட்டு வந்தா எங்க எல்லாருக்கும் அப்பிடித்தான் இருக்கும். வேலைக்குப் போறப்ப புள்ளைகளப் பாத்துக்கிற புள்ளக் காம்பரா ஆயாவும் குளிருன்னுதான் சொன்னாங்க. ஒரு ஸ்வெட்டருக்கு மேல இன்னொண்ணு போட்டேன். காலுக்கு ரெண்டு சோடி மேசு. ரத்தம் ஏறட்டும்னு அடுப்பு மூட்டி மடியில போட்டுக்கிட்டே உக்காந்திருப்பேன்."

"அப்பறம்?"

"மீசை அரும்பற வயசுல ஒரு டொக்டர் நெஞ்சுல கொழா வச்சுப் பாத்தாரு. ஓட்டையாம். கைப்புள்ளையிலேயே கொண்டாந்திருந்தா தச்சிருக்கலாமாம். இப்ப தொட முடியாதுன்னாரு. அவரு சொல்லிக்கிட்டிருக்காரு, நான் அவரு முன்னாடியே இவனுக்கு ஸ்வெட்டர் பட்டனப் போட்டுக்கிட்டிருக்கேன். கை அதுபாட்டுக்குப் போடுது."

அடுத்த காம்பராவில் யாரும் இல்லை. ஆனாலும் இருவரும் ஒரு கணம் சுவரைப் பார்த்தார்கள்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா..." என்று சுலக்ஷனா ஆரம்பித்தாள்.

"பெத்திருப்பியான்னு கேக்காத. அது எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது." நாகலெட்சுமி கோப்பையைக் கீழே வைத்தாள். "ஆனா ஸ்வெட்டர் வாங்கியிருக்க மாட்டேன்."

இதற்கு மேல் கேட்காமல் இருந்தால் இனி எப்போதும் கேட்க முடியாது என்று சுலக்ஷனாவுக்குத் தோன்றியது.

"அத்த, கடைசியில தம்பி ஒரு தட்டுத்தான் தட்டுச்சு. நாங்க பேசுனது காதுல விழுந்துருச்சோ?"

மாமியார் முடியை மறுபடியும் பிழிந்தாள். பிழிவதற்கு அதில் தண்ணீர் இல்லை.

"நானும் கேட்டேன், ஏன்டா ஒண்ணு மட்டும் தட்டுறேன்னு. கை அசதியா இருக்குன்னான். நான் என்ன பண்ணேன் தெரியுமா? எல்லாந் தெரிஞ்சும், குளிருன்னு இன்னொரு ஸ்வெட்டர எடுத்து மாட்டி விட்டேன்."

மூர்த்திக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று லயம் முழுவதும் சொல்லும். லயத்துக்கு என்ன தெரியும் என்று சுலக்ஷனா நினைத்தாள். கை அசந்துதான் போயிருந்ததா, அம்மா மனசு நோகக் கூடாதென்று அப்படிச் சொன்னானா? சொல்லக்கூடியவன் மலை மேல் கிடந்தான்.

விடிந்ததும் நிரஞ்சன் பால் செம்போடு மலைக்குப் புறப்பட்டு நின்றான். பால் தெளிக்கப் போகிற ஆண்கள் ரோட்டில் கூடியிருந்தார்கள். கைப்பையும் குடையுமாக அம்மா வெளியே வருவதைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. "கருமாதி முடியல, படி தாண்டலாமா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"நீங்க போயி பாலத் தெளிங்க. பொம்பளைக்கு அங்க வேல இல்லன்னு சொன்னது நீங்கதான?" என்றாள் நாகலெட்சுமி. "எனக்கு எங்க வேல இருக்கோ அங்க போறேன்."

நிரஞ்சன் செம்பை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வந்து, சுலக்ஷனாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, பஸ் வரும்வரை கூடவே நின்றான். பஸ் வந்ததும் பையை உள்ளே வைத்துவிட்டு இறங்கினான். தம்பி எப்போதும் நின்ற வளைவின் பக்கம் மட்டும் அவன் திரும்பவே இல்லை.

கண்டக்டர் பஸ்ஸின் பக்கத்தை இரண்டு தட்டுத் தட்டினார். சுலக்ஷனா சட்டென்று திரும்பி வெளியே பார்த்தாள். வளைவில் வெறும் பனிதான் நின்றுகொண்டிருந்தது.

கண்ணாடி சரியாக மூடவில்லை, காற்று ஊசியாகக் குத்தியது. நாகலெட்சுமி மருமகளின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். நகங்கள் நீலம் பாரித்திருந்தன. கொழுந்து பறித்துக் காய்த்துப்போன உள்ளங்கைகளுக்கு நடுவில் அதை வைத்துத் தேய்த்தாள். பிறகு வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு நகமாகச் சிவப்பு ஏறுகிறதா என்று பார்த்தாள். ஏறியது. அந்தக் கையை மருமகள் மடியில் திருப்பி வைத்தாள்.

"அந்தக் கையையும் குடு" என்றாள்.